முகூர்த்த நேரத்துல படத்துல விழுந்த பட்டை

ஈரோடு, வார இறுதி ஃபோட்டோகிராஃபி வகுப்பு மாணவர்:
கல்யாணத்துல இணைச்சீர்ச் சடங்கு வரைக்கும் படமெல்லாம் சுத்தமா இருந்துச்சுங்க. முகூர்த்தத்துக்கு மேடைக்குப் பின்னால பெரிய வீடியோ திரை மாதிரி இருக்குற எல்இடி சுவரை எரிய விட்டாங்க. சத்தம் வராத சைலன்ட் ஷட்டர், வேகம் நொடியில 1/500 பங்கு. கேமராத் திரையில ஒண்ணும் தெரியல. கம்ப்யூட்டர்ல பெருசாக்கினா, தாலி ஏறுற நேரத்துல பொண்ணு முகத்துக்குக் குறுக்க கறுப்புப் பட்டை. மூணு முடிச்சுலயும் அதேதான். எடிட்டிங்ல போகவே மாட்டேங்குது.

பொள்ளாச்சி:
சைலன்ட் ஷட்டர்ல, படம் பதியுற சென்சார் வரி வரியா படிக்கும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுல எரியுற மலிவு எல்இடி நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். மங்கின நேரத்துல படிச்ச வரியெல்லாம் பட்டையாயிடும். திரை அசைஞ்சு மூடுற மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்தி 1/100 இல்லைன்னா 1/50 வைங்க. 1/500ல மெக்கானிக்கலும் காப்பாத்தாது.

கோவை:
அண்ணா, நீங்க சொல்றது மண்டபத்து விளக்குக்குச் சரி, எல்இடி சுவருக்குச் சரியில்லை. அது கரண்டோட கணக்குல துடிக்காது, அதுக்குன்னு தனி வேகம். விளக்குத் துடிப்பைச் சமாளிக்கன்னு கேமராவுல இருக்குற சாதாரண ஆன்டி-ஃபிளிக்கரும் நொடிக்கு 100, 120 துடிப்பைத்தான் பிடிக்கும். சீர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சுவரைப் போடச் சொல்லி 1/60, 1/80, 1/100, 1/125னு ஒவ்வொண்ணா எடுத்து, முழுசா பெருசாக்கிப் பார்க்கணும். பட்டை இல்லாத வேகத்தை அப்படியே பிடிச்சுக்கங்க, வெளிச்சத்தை ஐஎஸ்ஓவுல (வெளிச்சத்துக்கான கேமராவோட உணர்வு அளவு) சரிக்கட்டுங்க.

திருப்பூர்:
இங்க பனியன் கம்பெனி படத்துல வேற தொல்லை. வெள்ளை போலோ டி-ஷர்ட், சின்னச் சின்ன மேடுபள்ளமா பின்னுற பிக்கே நிட்டிங். நெஞ்சுப் பக்கத்துல வானவில் மாதிரி வளையம். சென்சார்ல விழுற நூலோட இடைவெளியும் அதுல இருக்குற பிக்சல் புள்ளியோட இடைவெளியும் கிட்டத்தட்ட ஒண்ணாகும்போது இது வரும். ஒரு லாட் முழுக்க எடுத்த பிறகுதான் ஆர்டரைப் பார்த்துக்குற மெர்ச்சண்டைசர் காட்டினார். கேமராவை அரை அடி முன்ன பின்ன நகர்த்தினாலே போயிடும். போகலைன்னா கொஞ்சம் கோணம் மாத்துங்க. லென்ஸ் துளையைச் சின்னதாக்கி எஃப் 16 வச்சாலும் கொஞ்சம் குறையும், ஆனா கூர்மையும் போகும். கலர் மாறினா ஆர்டரே திரும்பிடும், அதனால லாட்டுக்கு லாட் முதல் படத்துல, கலரைச் சரிபார்க்கிற சாம்பல் அட்டையான கிரே கார்டு வைங்க.

கோபி:
கூரைச்சேலைச் சிவப்பு மஞ்சள் விளக்குல வெந்து போய், ஜரிகைக்குப் பக்கத்துல மடிப்பே தெரியாம ஒரே திட்டு. வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடமான ஹிஸ்டோகிராம்ல சிவப்பை மட்டும் தனியா பாருங்க. மொத்த வெளிச்சம் சரின்னு காட்டும்போதே சிவப்பு வலது ஓரத்தை முட்டியிருக்கும். வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைச்சா வெளிச்சம் பாதியாகும்) குறைச்சு, கேமரா தானா திருத்தாம வைக்கிற ரா ஃபைல்ல எடுங்க.

யாரும் கேக்கலைன்னாலும் சொல்றனுங்க. வகுப்பு முடிச்ச கையோட தனியா ஆர்டர் பிடிக்காதீங்க. ரெண்டு மெமரி கார்டு போடுற கேமரா இல்லாம முகூர்த்தம் ஒத்துக்கவே கூடாது. ரெண்டு கார்டுலயும் ஒரே படம் பதியணும், முதல் கார்டு நிறைஞ்சதும் ரெண்டாவதுக்குப் போற மாதிரி வச்சா பிரயோஜனமில்லை. வீட்டுக்கு வந்ததும் ரெண்டு ஹார்டு டிஸ்க்ல ஏத்தி, திறந்து பார்த்துட்டுத்தான் கார்டை அழிக்கணும். ஆல்பம் எத்தனை பக்கம், அட்வான்ஸ் எவ்வளவு, படம் எந்தத் தேதியில கொடுக்கணும், எல்லாத்தையும் எழுதி ரெண்டு வீட்டுக்காரங்க கையெழுத்தும் வாங்கிக்கங்க. ஆடியில கல்யாணம் இல்லை, மண்டபம் காலியாத்தான் கிடக்கும். மேலாளர்கிட்ட கேட்டு விளக்கெல்லாம் போடச் சொல்லி, சிவப்புச் சேலை ஒண்ணை மேடை நாற்காலியில விரிச்சு எடுத்துப் பழகுங்க.

ஈரோடு:
கோவை அண்ணா, ஆபரேட்டர் சுவரோட வெளிச்சத்தைக் குறைச்சா பட்டை குறையுமா?

கோவை:
பல சுவர்ல பட்டை அதிகமாத்தான் ஆகும். விட்டு விட்டு எரிய வச்சுத்தான் அதுல வெளிச்சத்தைக் குறைக்கிறாங்க. சுவர் படத்தைப் புதுப்பிக்கிற வேகத்தை, அதாவது ரெஃப்ரெஷ் ரேட்டை, ஏத்த முடியுமான்னு கேளுங்க.