ஆர்எக்ஸ் 100 மண் வண்டிக்கு எக்ஸ்பல்ஸ் ஃபோர்க் போடலாமா? உதவி தேவை

ஏர்வாடி_ரைடர்:
அண்ணன்மாருக்கு வணக்கம். 1989 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒண்ணை மண்ணுல ஓட்டுறதுக்குன்னே தனியா வச்சிருக்கேன். பட்டன் டயர், உயரமான ஹேண்டில்பார். கோடையில தண்ணி வத்தின கண்மாய்க்குள்ள நாலஞ்சு பேர் சேர்ந்து ஓட்டுவோம். வரப்புல ஏறிக் குதிச்சா முன்பக்கம் டொங்குன்னு அடியில முட்டுது. சின்னச் சின்ன மேடு வரிசையா வந்தா கை மரத்துப்போகுது. இடது ஃபோர்க்ல (முன்சக்கரத்தைத் தாங்குற ஸ்பிரிங் குழாய்) ஆயில் சீல் புதுசு போட்டும் திரும்பக் கசியுது. மெக்கானிக் கெட்டியான ஆயில் ஊத்தினார். முட்டுறது கொஞ்சம் குறைஞ்சுது, கையில வாங்குற அடி கூடிடுச்சு. இப்ப ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஃபோர்க் செகண்ட் ஹேண்ட்ல வருது. 37 மி.மீ. பைப், 190 மி.மீ. டிராவல் (அமுங்குற தூரம்). வாங்கிடலாமா? என் எடை 62 கிலோ.

தொண்டி_பைக்கர்:
பைப் தடிமனா இருந்தா குதிக்கிறப்ப முறுக்காது, நேரா நிக்கும். விலை ஒத்துவந்தா வாங்கிருங்க ப்ரோ.

பழைய_யமஹா_மண்டபம்:
தம்பி, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. நீங்க சொல்றது மூணு தனித்தனிக் கோளாறு. ஒரே பொருளை மாத்தி மூணும் தீராது.

முதல்ல கசிவு. பைப்பைத் துடைச்சுட்டு, சீலுக்கு மேல நாலு விரல்கடை உயரம் வரைக்கும் விரல் நகத்தை மேலிருந்து கீழ இழுத்துப் பாருங்க. நகம் எங்கயாவது மாட்டுதா? கச்சான் (தென்மேற்கு) காத்து அடிக்கிற மாசத்துல நம்ம கரையில உப்பு பட்டு பைப் மேல இருக்கற குரோம் எப்படிப் புள்ளி விழுதுன்னு உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை ஃபோர்க் அமுங்கறப்பவும் அந்தப் புள்ளி சீல் உதட்டை அறுக்கும். அப்படி இருக்கற பைப்ல எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் நிக்காது.

அடுத்தது கை அடி. பழைய ஃபோர்க்ல ஆயில் சின்ன ஓட்டை வழியாத்தான் போயாகணும். வேகம் ரெண்டு மடங்கானா எதிர்ப்பு கிட்டத்தட்ட நாலு மடங்காகும். அதனாலதான் மெதுவா அமுங்கறப்ப சொதசொதன்னு இருக்கு, கூர்மையான மேட்டுல கல்லு மாதிரி நிக்குது. கெட்டி ஆயில் ஊத்தினா ரெண்டாவது குறைதான் பெருசாகும். மூணாவது, அடியில முட்டறது. வண்டியைத் தாங்க வேண்டியது ஸ்பிரிங். அந்த வேலையை ஆயில் தலையில கட்டக் கூடாது.

இப்ப எக்ஸ்பல்ஸ் ஃபோர்க். அந்த வண்டி 150 கிலோவுக்கு மேல. உங்க ஆர்எக்ஸ் 100 கிலோ சுமாரு. அந்த எடைக்குன்னு வச்ச ஸ்பிரிங் உங்க வண்டிக்கு ரொம்பக் கெட்டி, டிராவல் முழுசா வேலை செய்யாது. கை அடி இப்ப இருக்கறதைவிட மோசமாகும்.

இன்னொண்ணு: பின்பக்கம் ரெண்டு ஷாக்கும் கொஞ்ச தூரம்தான் அமுங்கும். அமெரிக்காவுல பழைய மோட்டோகிராஸ் ரேஸ் நடத்தற சங்கம் 1974 வரைக்குமான வண்டிகளுக்கு முன்னாடி 7 அங்குலம், பின்னாடி 4 அங்குலம்னு வரம்பு வச்சிருக்கு. உங்க ஆர்எக்ஸும் அதே மாதிரி ரெட்டை ஷாக் சேசிதான், முன்னும் பின்னும் ஒத்துப்போகணும். முன்பக்கம் மட்டும் உயர்ந்தா ஃபோர்க் சாய்வு படுத்துடும். வளைவுல சக்கரம் உள்ள திரும்பாம வெளிய இழுக்கும்.

லேத்_பட்டறை_உச்சிப்புளி:
அண்ணன் சொன்னது சரி. ஃபோர்க்கை மட்டும் வாங்கி வந்து மாட்ட முடியாது. பைப் தடிமன் வேற, அதனால டீ செட் (ரெண்டு ஃபோர்க் பைப்பையும் சேர்த்துப் பிடிக்கற மேல் கீழ் தகடு) வேணும். டீயோட தண்டு நீளம் வேற, அதை பிரெஸ்ல கழட்டி மாத்தணும். கோன் செட் (ஹேண்டில் திரும்பற பேரிங்) அளவு வேற. 21 அங்குல வீல், டிஸ்க் பிரேக்னு அடுத்தடுத்து வந்துகிட்டே இருக்கும். டீ தண்டை வெல்டு வச்சு நீட்டுன வண்டி எங்க பட்டறைக்கு வந்தா நான் தொடறதில்லை. அது ஓடறப்ப ஒடிஞ்சா ஆள் மிஞ்ச மாட்டான். ரோட்டுல ஓட்டுற எண்ணம் இருந்தா மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவையும் பார்த்துக்கங்க, கம்பெனி அமைப்புக்கு மாறா மாத்தக் கூடாது.

ஏர்வாடி_ரைடர்:
நகம் வச்சுப் பார்த்தேன் அண்ணே. இடது பைப்ல வெளிப்பக்கமா மிளகு அளவுல மூணு புள்ளி, பக்கத்துல கருவ முள்ளு கிழிச்ச கோடும் இருக்கு. வலது சுத்தம். இடது பைப் மட்டும் மாத்தினாப் போதுமா? ஸ்பிரிங்குக்கு என்ன செய்ய?

பழைய_யமஹா_மண்டபம்:
ரெண்டு பைப்பையும் கழட்டி, கண்ணாடிப் பலகை மேல உருட்டிப் பாருங்க. அடியில வெளிச்சம் கூடிக் குறைஞ்சா பைப் பெண்டு. நேரா இருந்தா இடதுக்கு ஹார்டு குரோம் ஏத்தி அளவுக்கு கிரைண்டிங் பண்ணிக்கலாம், இல்லேன்னா புது பைப். பைப்பை ஆடாமப் பிடிக்கற புஷ் தேய்ஞ்சிருந்தா அதையும் சேர்த்துப் பாருங்க. ஆடுற பைப்பும் சீலைத் தின்னும்.

ஸ்பிரிங்குக்கு முதல்ல அளவெடுங்க. பைப்ல ஒரு கேபிள் டை கட்டி, ஆளை வச்சு வண்டியை நேரா பிடிக்கச் சொல்லி, மெதுவா ஏறி உக்காந்து இறங்குங்க. மொத்த டிராவல்ல மூணுல ஒரு பங்குக்கு மேல அமுங்கியிருந்தா ஸ்பிரிங் தொய்வு. ஸ்பேசரை (ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கற துண்டுக் குழாய்) நீட்டினா உயரம் ஏறும், ஸ்பிரிங் கெட்டியாகாது. கெட்டியாக்கணும்னா வளையத்தைக் குறைக்கணும்: பத்துல ஒரு பங்கு வளையம் வெட்டினா ஒன்பதுல ஒரு பங்கு கெட்டியாகும். வெட்டின நீளத்துக்குக் கெட்டி பிவிசி பைப், ரெண்டு பக்கமும் இரும்பு வாஷர். முழுசா அமுங்கறப்ப வளையம் ஒண்ணோட ஒண்ணு முட்டுதான்னு ஸ்பிரிங்கை வெளிய வச்சே கணக்குப் பாருங்க.

ஆயில் 10 டபிள்யூ (கெட்டித்தன்மை அளவு) ஃபோர்க் ஆயில் போதும். ஸ்பிரிங் இல்லாம பைப்பை முழுசா அமுக்கி வச்சு, பைப் வாயிலிருந்து ஆயில் மட்டத்தை அளந்து ரெண்டு பக்கமும் ஒரே அளவா வைங்க. இன்னும் அடியில முட்டினா மட்டத்தை 10 மி.மீ. மட்டும் உயர்த்துங்க, மேல இருக்கற காத்து கடைசில தாங்கும்.

ஏர்வாடி_ரைடர்:
ரப்பர் உறை போட்டா முள்ளுக்கும் உப்புக்கும் நல்லதா அண்ணே?

லேத்_பட்டறை_உச்சிப்புளி:
முள்ளுக்கு நல்லது தம்பி. ஆனா உள்ள உப்பு மணல் தங்கினா வெளிய இருக்கறதைவிட சீக்கிரம் பைப்பைத் தின்னுடும். கீழ ரெண்டு ஓட்டை போட்டு, ஓட்டின அன்னைக்கே உறையைத் தூக்கி நல்ல தண்ணில கழுவி, காஞ்சதும் துணியில ஆயில் தொட்டு ஒரு இழுப்பு. மாட்டறப்ப ஆக்சில், கீழ் டீ போல்ட் எல்லாம் கொஞ்சம் லூசா விட்டு முன்பக்கத்தை நாலஞ்சு தடவை அமுக்கி விடுங்க. அப்புறம் ஆக்சில்ல ஆரம்பிச்சு மேல டைட் பண்ணிட்டுப் போங்க. இல்லேன்னா ரெண்டு பைப்பும் இறுகிப் புது ஸ்பிரிங்கும் வேலை செய்யாது.