கேமிங் லேப்டாப்ல என்விடியா கார்டைக் காணோம், போர்டு மாத்தச் சொல்றாங்க. தேவையா?

அஸ்தம்பட்டி_ஆட்டக்காரன்:
வணக்கம்ங்க. லேப்டாப்ல இன்டெல் ஐ5, 11-ம் தலைமுறை. கூட என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3050, 4 ஜிபி. விண்டோஸ் 11-ஐ மொத்தமா அழிச்சு புதுசா போட்டதுல இருந்து 3050 கண்ணுல படல. டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) 0-ன்னு இன்டெல் மட்டும்தான். டிவைஸ் மேனேஜர்லயும் அதேதான். என்விடியா டிரைவர் போட்டா, பொருத்தமான ஹார்டுவேர் இல்லைன்னு பாதியில நின்னுடுது. எச்டிஎம்ஐல டிவியைச் சொருகினா நோ சிக்னல். சேலத்துல காட்டின இடத்துல கார்டு போயிருச்சு, மதர்போர்டு மாத்தணும்ங்கறாங்க. அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது ஏதாச்சும் இருக்குங்களா?

ஐந்துரோடு_பழுதுக்காரர்:
போர்டு பத்தி இப்போதைக்கு யோசிக்காதீங்க. டிரைவரையும் திரும்பத் திரும்பப் போடாதீங்க. ஹார்டுவேர் இல்லைன்னு இன்ஸ்டாலர் சொன்னா, பிசிஐ பஸ்ல (கார்டும் போர்டும் பேசிக்கற பாதை) கார்டே தெரியலைன்னு அர்த்தம். தெரியாத கார்டுக்கு எந்த வெர்ஷன் டிரைவர் போட்டும் பிரயோஜனம் இல்ல.

டிவைஸ் மேனேஜர்ல வியூ மெனு, ஷோ ஹிட்டன் டிவைசஸ். மங்கலா என்விடியா பேர் தெரிஞ்சு கோட் 45 காட்டினா, முன்னாடி இருந்தது இப்ப இணைப்புல இல்ல. கோட் 22-னா யாரோ டிஸேபிள் பண்ணியிருக்காங்க, ரைட் கிளிக் பண்ணி எனேபிள் குடுத்தா முடிஞ்சது. கோட் 43-னா கார்டு பஸ்ல இருக்கு, ஆனா ஏதோ கோளாறுன்னு அதுவே சொல்லுது. அது டிரைவராவும் இருக்கலாம், சிப்பாவும் இருக்கலாம். உங்களுக்கு எதுவுமே வராது, ஏன்னா புது விண்டோஸ் அந்தக் கார்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல.

என் சந்தேகம் ஈக்கோ மோடு மேல. கேமிங் லேப்டாப் கம்பெனிகள் தங்களோட கன்ட்ரோல் ஆப்ல ஈக்கோ, ஐஜிபியு ஒன்லி (இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டும்) மாதிரி ஒரு மோடு குடுக்கறாங்க. பேட்டரி நிக்கறதுக்காக பெரிய கார்டோட கரண்டையே நிறுத்திடும். சில மாடல்ல அந்த செட்டிங் விண்டோஸ்ல இல்ல, ஃபர்ம்வேர்ல, அதாவது போர்டுக்குள்ளயே பதிஞ்ச சாஃப்ட்வேர்ல, உக்காந்திருக்கும். விண்டோஸை அழிச்சா ஆப் போயிடும், செட்டிங் அப்படியே நிக்கும். திருப்பி ஆன் பண்ற சுவிட்சும் ஆப்போடயே போயிடுச்சு. நிறைய கேமிங் மாடல்ல எச்டிஎம்ஐ போர்ட் நேரா என்விடியா சிப்புல இருந்துதான் வருது, அதனால டிவில நோ சிக்னல் வந்ததும் இதோட பொருந்துது.

கம்பெனி சைட்ல உங்க மாடல் நம்பரைப் போட்டு அந்த ஆப்பையும், அது கேக்கற சிஸ்டம் டிரைவரையும் இறக்குங்க. மோடை ஸ்டாண்டர்டு இல்ல ஹைப்ரிட்னு மாத்திட்டு ரீஸ்டார்ட். ஷட் டவுன் வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட் டவுன் பாதி தூக்கம்தான், ரீஸ்டார்ட்தான் முழுசா எழுப்பும்.

நெத்திமேடு_சால்டரிங்:
மேல சொன்னது சரி. அதுல வரலைன்னா ஹார்டுவேர் பக்கம். 8 ஜிபி பென்டிரைவ்ல உபுண்டு போட்டு, இன்ஸ்டால் பண்ணாம டிரை மோடுல ஓட்டுங்க. டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ -என்என் (lspci -nn) அடிங்க, பஸ்ல தெரியற எல்லாத்தையும் காட்டும். வெண்டர் ஐடி (கம்பெனி நம்பர்) 8086 இன்டெல், 1002 ஏஎம்டி, 10டிஇ (10de) என்விடியா. 10டிஇ வந்தா சிப் உயிரோட இருக்கு, கோளாறு விண்டோஸ்ல. வரலைன்னா உடனே செத்துப்போச்சுன்னு எழுதிடாதீங்க, ஈக்கோ மோடு இருந்தா லினக்ஸுக்கும் தெரியாது. மோடை மாத்தின பிறகும் வரலைன்னாத்தான் அது கணக்கு.

அடுத்தது கரண்டை வடிக்கறது. சார்ஜரைக் கழட்டுங்க, அடி மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைப் பிரிங்க. கனெக்டரை ஒயரைப் பிடிச்சு இழுக்காதீங்க, பிளாஸ்டிக்கை ரெண்டு ஓரத்துலயும் மாத்தி மாத்தி நகர்த்தி எடுங்க. பவர் பட்டனை 40 செகண்ட் அழுத்திப் பிடிங்க. திருப்பி மாட்டி, முதல் தடவை சார்ஜரோட ஆன் பண்ணுங்க. எம்பெடெட் கன்ட்ரோலர் (போர்டுல கரண்டைக் கவனிக்கற சின்ன சிப்) தப்பான நிலையில மாட்டியிருந்தா இதுல விடுபடும். திறந்த கையோட போர்டையும் பாருங்க. ஏற்காட்டுல மழைக்காலம் பூரா மூடி வெச்ச மெஷின்னா கனெக்டர் பின்ல பச்சை பூத்திருக்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மெல்லிசு பிரஷ், நல்லா காயவிட்டு மாட்டுங்க.

சார்ஜரும் முக்கியம். கூட வந்த அடாப்டர்ல எத்தனை வாட்னு அச்சடிச்சிருக்கோ அதேதான் வேணும். 65 வாட் டைப்-சி போட்டா பேட்டரி ஏறும், ஆனா கார்டு முழு பலத்துல ஓடாது. நடு பின் வளைஞ்ச அடாப்டருக்கும் அதே கதை, சில மாடல்ல பயாஸே அடாப்டர் தெரியலைன்னு காட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: ஹீட் கன்ல சூடு காட்டி சரி பண்ணித் தர்றேன்னு யாராச்சும் சொன்னா மெஷினைத் தூக்கிட்டு வந்துடுங்க. சிப்புக்கு உள்ள இருக்கற நுண்ணிய சால்டர் பொட்டு (பம்ப்) விட்டுப்போனா சூடு காட்டினதும் கொஞ்ச நாள் ஒட்டிக்கும், அப்புறம் பக்கத்து மெமரியையும் சேர்த்துக் காலி பண்ணும்.

அடிவாரம்_20வளைவு:
கேட்டவருக்கு இல்ல, தேடி வர்ற மத்தவங்களுக்கு. டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு 1-ன்னு என்விடியா லிஸ்ட்ல இருக்கு, ஆனா எப்பவும் 0 சதவீதம்னா அது பழுது இல்லீங்க. 2010-ல வந்த என்விடியாவோட ஆப்டிமஸ் முறையே அப்படித்தான். ஸ்கிரீன் ஒயர் இன்டெல்லுக்குப் போகுது. என்விடியா படத்தை வரைஞ்சு இன்டெல் மெமரில போட்டுடும், இன்டெல் அதை ஸ்கிரீனுக்கு அனுப்பும். வேலை இல்லாதப்ப என்விடியா தூங்கும். அதனாலதான் என்விடியா கன்ட்ரோல் பேனல்ல டிஸ்ப்ளே பக்கமே காணாம போகுது. எம்யுஎக்ஸ் சுவிட்ச் (ஸ்கிரீன் இணைப்பை மாத்தற சுவிட்ச்) இருக்கற மாடல்ல மட்டும் ஸ்கிரீனை நேரா என்விடியாவுக்கு மாத்தலாம்.

கேம் தப்பான கார்டுல ஓடினா: செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ். கேமோட இஎக்ஸ்இ ஃபைலைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் குடுங்க. கேமைத் திறந்து விடற லாஞ்சரைச் சேர்த்தா வேலைக்கு ஆகாது. ஜிபியு-இசட்ல (கார்டு விவரம் காட்டற ஆப்) கார்டுக்கும் போர்டுக்கும் நடுவுல உள்ள லிங்க் ஸ்பீடு 1.1-னு பார்த்து பயப்படவும் வேண்டாம், பக்கத்துல இருக்கற கேள்விக்குறியை அழுத்தி லோடு குடுத்தா மேல ஏறும்.

அஸ்தம்பட்டி_ஆட்டக்காரன்:
ஆப்பைப் போட்டேன்ங்க. திறந்தவுடனே ஈக்கோன்னுதான் நின்னுது. ஸ்டாண்டர்டு மாத்தி ரீஸ்டார்ட் பண்ணினேன். இப்ப டிவைஸ் மேனேஜர்ல "3டி வீடியோ கன்ட்ரோலர்"னு மஞ்சள் முக்கோணத்தோட ஒண்ணு வந்திருக்கு, கோட் 28.

ஐந்துரோடு_பழுதுக்காரர்:
அதுதான் உங்க 3050. கோட் 28-னா டிரைவர் இல்ல, அவ்வளவுதான். ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் பாருங்க, 10டிஇ இருக்கும்.

இன்டர்நெட்டைத் துண்டிச்சுட்டு வேலையை ஆரம்பிங்க. இல்லைன்னா நடுவுல விண்டோஸ் அப்டேட் புகுந்து தன்கிட்ட இருக்கற டிரைவரைத் திணிக்கும். முதல்ல சிப்செட், அடுத்து இன்டெல் கிராஃபிக்ஸ், கடைசியா என்விடியா. என்விடியா போடறப்ப கஸ்டம் போய் கிளீன் இன்ஸ்டாலேஷன் டிக் பண்ணுங்க. பாதியில நின்ன பழைய டிரைவர் மிச்சம் தகராறு பண்ணினா மட்டும் சேஃப் மோடுல டிடியு (பழைய டிரைவரை வேரோட அழிக்கற டூல்) ஓட்டி, இதே வரிசையில மறுபடி போடுங்க.

முடிஞ்சதும் கமாண்ட் பிராம்ப்ட்ல என்விடியா-எஸ்எம்ஐ -எல் 1 (nvidia-smi -l 1) அடிச்சு வெச்சுட்டு அரை மணி கேம் ஓட்டுங்க, செகண்டுக்கு ஒரு தடவை வாட்டும் சூடும் காட்டும். சித்திரை வெயில்ல ஃபேன் இல்லாத ரூம்ல சோதிக்காதீங்க, சூட்டுல வேகம் குறையறதைக் கார்டு கோளாறுன்னு நினைச்சுக்குவீங்க. ஈவென்ட் வியூவர்ல (விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டற இடம்) 4101-ங்கற நம்பர் வரக்கூடாது. வந்தா டிரைவர் பதில் சொல்லாம விழுந்து எழுந்திருக்குன்னு அர்த்தம், அந்த நேரத்துச் சூட்டோட இங்க போடுங்க.

அஸ்தம்பட்டி_ஆட்டக்காரன்:
மூணு டிரைவரும் ஏறிடுச்சு. டிவில படம் வருது, கேம் 70 எஃப்பிஎஸ். சூடு 78 டிகிரில நிக்குது, 4101 எதுவும் இல்ல. ரொம்ப நன்றிங்கண்ணா.

அடிவாரம்_20வளைவு:
ஈக்கோ மோடை ஒரேயடியா விட்டுடாதீங்க. மலையில கரண்ட் போற நாள்ல பேட்டரி நிக்கறது அதாலதான். அடுத்து விண்டோஸ் அழிக்கறதுக்கு முன்னாடி மட்டும் ஸ்டாண்டர்டுக்கு மாத்திட்டு அழிங்க.