முன்பதிவுச் சலுகைக் கட்டணத்தைக் கூகுள் படிவத்தில் அமைப்பது எப்படி?

சுசீந்திரம் ஓட்டக்காரர்:
வணக்கம். எங்கள் நண்பர் குழு வரும் ஜனவரியில் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரை ஓர் அரை மாரத்தான் நடத்தத் திட்டமிட்டுள்ளது. பனியன்களை அளவு வாரியாகத் திருப்பூரில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருப்பதால், நவம்பர் 30 ஆம் தேதிக்குள் பதிவு செய்பவர்களுக்கு 500 ரூபாய், பிறகு வருபவர்களுக்கு 700 ரூபாய் என்று முடிவு செய்திருக்கிறோம். பணத்தை யுபிஐ வழியாகப் பெற எண்ணம். படிவத்தில் இரண்டு கட்டணங்களையும் தெரிவுகளாகக் கொடுத்தால், டிசம்பரில் வருபவரும் 500 ரூபாயையே தேர்ந்தெடுப்பாரோ என்று தோன்றுகிறது. கட்டணம் தானாக மாற வழி உண்டா? எங்களில் யாருக்கும் நிரல் எழுதத் தெரியாது.

தக்கலைக் கணக்கர்:
கட்டணத்தைக் கேள்வியாகவே வைக்க வேண்டாம். படிவத்தைக் கூகுள் ஷீட்டுடன் இணைத்தால், ஒவ்வொரு பதிவும் வந்து சேர்ந்த தேதியும் நேரமும் முதல் பத்தியில் தாமாகவே பதிவாகிவிடும். பதிவு செய்பவரால் அதை மாற்ற முடியாது. அந்த நேரத்தைப் பார்த்து 500 அல்லது 700 என்று காட்டும் ஓர் இஃப் ஃபார்முலா போதும், நிரல் தேவையில்லை.

இதில் பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. நவம்பர் 30 என்று மட்டும் எழுதினால், ஷீட் அதை அன்றைய தினம் தொடங்கும் நள்ளிரவாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால், 30 ஆம் தேதி காலையில் பதிவு செய்தவருக்கும் 700 ரூபாய் விழுந்துவிடும். ஆகவே, ‘டிசம்பர் 1 ஐ விடக் குறைவு’ என்று நிபந்தனை எழுதுங்கள். ஷீட்டின் அமைப்புகளில் நேர மண்டலம் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய பதிவு ஒவ்வொன்றும் புதிய வரிசையாக நுழைவதால், பக்கத்துப் பத்தியில் இழுத்துவிட்ட ஃபார்முலா அதற்கு வந்து சேராது. தலைப்பு வரிசையிலேயே அர்ரேஃபார்முலாவாக, அதாவது ஓரிடத்தில் எழுதினால் பத்தி முழுவதற்கும் பொருந்தும் ஃபார்முலாவாக, எழுதிவிடுவது நல்லது.

மார்த்தாண்டம் மாலா:
மேலே சொன்னது கணக்குக்குச் சரி. ஆனால் பணம் கட்டுகிறவர் பார்ப்பது கியூஆர் குறியீட்டைத்தான். தொகையைச் சேர்த்தே உருவாக்கிய இரண்டு குறியீடுகளை வைத்துக்கொண்டு, கெடு முடிந்ததும் படிவத்திலுள்ள படத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். அதை நள்ளிரவிலேயே மாற்ற வேண்டும் என்பதில்லை. இரவு 11.50 மணிக்குப் படிவத்தைத் திறந்தவர் 12.05 மணிக்கு அனுப்பினால், அவர் திரையில் கண்ட தொகை 500 தானே? அறிவிப்பில் நவம்பர் 30 என்றே இருக்கட்டும். படத்தை மறுநாள் காலை ஆறு மணிக்கு மாற்றி, ஃபார்முலாவிலும் அதே நேரத்தை வையுங்கள். இருநூறு ரூபாய்க்காக விடியற்காலையில் யாரோடும் வாதாட வேண்டியிராது.

குளச்சல்–துபாய்:
அண்ணாச்சி, நம் மாவட்டத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பிள்ளைகளுக்காகப் படிவத்தை நிரப்பும் அப்பாமார் பலர் வளைகுடாவில் இருக்கிறோம். துபாய் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. இங்கே இரவு பதினொன்று என்றால் ஊரில் பன்னிரண்டரை. எனவே ‘இந்திய நேரப்படி’ என்று அறிவிப்பில் எழுதிவிடுங்கள். படிவத்தை நான் நிரப்ப, பணத்தை ஊரிலுள்ள மச்சான் அனுப்புவார் என்பதால், பெயரை வைத்துப் பணத்தைத் தேடினால் அகப்படாது. பணம் அனுப்பியதும் யுபிஐ செயலியில் தெரியும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணான யுடிஆர் எண்ணைக் கட்டாயக் கேள்வியாகக் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கோப்பைப் பதிவேற்றக் கூகுள் கணக்கில் நுழைய வேண்டியிருக்கும், போலிப் படம் தயாரிப்பதும் எளிது.

சுசீந்திரம் ஓட்டக்காரர்:
மிக்க நன்றி. 30 ஆம் தேதி படிவத்தை அனுப்பிவிட்டு, 3 ஆம் தேதி பணம் கட்டுபவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தக்கலைக் கணக்கர்:
700 ரூபாய்க் கணக்கில்தான். பனியனுக்கு முன்பணம் கொடுக்கப் பணம் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே இந்தச் சலுகையே? யுடிஆர் எண் இல்லாமல் படிவம் நகராதபடி வைத்தால் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழாது. அந்தக் கேள்வியின் பதில் சரிபார்ப்பில் 12 இலக்கங்கள் மட்டுமே ஏற்கப்படும்படி அமைத்து, ஒரே எண் இரண்டு பதிவுகளில் வந்திருக்கிறதா என்பதை ஷீட்டில் கவுண்ட்இஃப் ஃபார்முலா கொண்டு பாருங்கள். வங்கிக் கணக்கு விவரத்தோடு ஒப்பிடும் வேலையைத் தினமும் ஒருவரே செய்யட்டும். எண்ணும் தொகையும் பொருந்திய பிறகே பதிவை உறுதி செய்து அவருக்குத் தகவல் அனுப்புங்கள்.