தந்தி அடித்த கைக்குத் தொடுதிரை பிடிபடவில்லை: என்ன செய்யலாம்?

கும்பகோணத்துப் பிள்ளை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 76 வயது. தாயாருடன் கும்பகோணத்தில் இருக்கிறார்; நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். தந்தி அலுவலகத்தில் சேர்ந்து, புள்ளியும் கோடுமாக வரும் மோர்ஸ் ஒலியைக் காதால் கேட்டபடியே கையால் எழுதி எடுத்தவர் அவர். டெலிபிரிண்டர் வந்தபோது அதையும், பின்னர் கணினி வந்தபோது அதையும் பழகிக்கொண்டு 2009இல் ஓய்வு பெற்றார். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டபோது, அந்தச் செய்தி வந்த நாளிதழை இன்றுவரை பீரோவில் வைத்திருக்கிறார். ஆகவே இயந்திரத்துக்கு அஞ்சுகிறவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் பொங்கலுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போனைக் கண்டால் மட்டும் ஒதுங்கிப் போகிறார்.

யுபிஐ ரகசிய எண்ணை ரீசார்ஜ் கடைப் பையனிடம் சொல்லி, பணத்தை அவனையே அனுப்பச் சொல்கிறார். அதே எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளில் எழுதிப் போன் உறைக்குள் செருகியும் வைத்திருக்கிறார். திரையைத் தொட்டால் செயலிகள் இடம் மாறுகின்றன, சில நேரம் காணாமலே போய்விடுகின்றன. சென்ற நவம்பரில், ஓய்வூதியம் தொடர ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய ஆயுள் சான்றிதழுக்காக முகத்தைப் பதிவு செய்ய மூன்று முறை முயன்றும் முடியாமல், நான் வீடியோ அழைப்பில் குரலை உயர்த்த, அவர் போனைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் வங்கிக்குப் போய் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு வந்தார். மறுபடியும் பட்டன் போனையே கொடுத்துவிடலாமா, அல்லது தொடர்ந்து சொல்லிக் கொடுப்பதில் பயன் உண்டா?

ஓய்வுபெற்ற காசாளர்:

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கு அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை. ரகசிய எண்ணை இன்றே மாற்றுங்கள். ஓய்வூதியம் வரும் கணக்கை யுபிஐயிலிருந்து விலக்கிவிட்டு, தந்தையின் பெயரிலேயே இன்னொரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, அதில் மூன்று நான்காயிரம் ரூபாயை மட்டும் வைத்து, அதைப் போனில் இணையுங்கள். எது தவறிப் போனாலும் அந்தத் தொகையோடு நிற்கும். 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் வசதியும் உண்டு. அதில் உங்கள் கணக்கிலிருந்து அவர் செலவு செய்யலாம். ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்காமலே செலவு செய்ய முழு அனுமதி கொடுத்தாலும் ஒரு தடவைக்கு 5,000, மாதத்துக்கு 15,000 ரூபாய்க்கு மேல் போகாது.

இன்னும் ஒன்றை அவர் மனத்தில் பதிய வையுங்கள்: பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, அனுப்புவதற்கு மட்டுமே தேவை. ‘பணம் வந்திருக்கிறது, எண்ணைப் போடுங்கள்’ என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும் என்று வரும் குறுஞ்செய்தியும், வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும், திறந்தால் செயலியை நிறுவிவிடும் ஏபிகே கோப்பும் அதே கூட்டத்தின் வேலைதான். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல், அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு. அந்த எண்ணை அவர் மறந்தாலும் பரவாயில்லை, தொடர்புப் பட்டியலில் முதல் பெயராகப் பதிந்து வையுங்கள்.

மதுரை மகள்:

செயலிகள் இடம் மாறுவது அவருடைய கவனக்குறைவு அல்ல, விரலின் வயது. என் தாயார் திரையைத் தொடுவதைப் பக்கத்தில் அமர்ந்து கவனித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. வயதானால் விரல் நுனி உலர்ந்துவிடுகிறது. லேசாகத் தட்டினால் திரை ஏற்பதில்லை. ஏற்கவில்லை என்பதால் அவர்கள் அழுத்துகிறார்கள், அழுத்தியபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தட்டுவதற்கு ஒரு பொருள் (செயலியைத் திறப்பது), அழுத்திப் பிடிப்பதற்கு வேறொரு பொருள் (இடம் மாற்றுவது, நீக்குவது) என்பது போனுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. என் தாயார் ஈரத் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு தொட்டார், உடனே வேலை செய்தது. அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் போய், அழுத்திப் பிடிக்கும் நேரத்தை நீட்டி வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். முகப்புத் திரையைப் பூட்டி வைக்கும் வசதி பல போன்களில் இருக்கிறது.

ஆயுள் சான்றிதழுக்கு இரண்டு செயலிகள் வேண்டும்: ஒன்று ஜீவன் பிரமாண், மற்றொன்று ஆதார் முகப்பதிவுக்கானது. திண்ணையில் உட்கார்ந்துதான் முயன்றிருப்பார் போலிருக்கிறது. தெரு வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்திருந்தால் முகம் இருட்டாகத்தான் விழுந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க் கட்டணத்தில் முடித்துக் கொடுப்பார்.

பழைய ரேடியோ:

தம்பி, எனக்கு 71 வயது. தங்கள் தந்தையின் இடத்திலிருந்து எழுதுகிறேன்.

அவர் மோர்ஸ் பழகியபோது பயிற்சி வகுப்பு இருந்தது, ஆசிரியர் இருந்தார், தவறு செய்வதற்கென்றே மாதக்கணக்கில் நேரமும் கொடுத்தார்கள். அதைவிட முக்கியம், நேற்று விட்டுவிட்டுப் போன தந்தி அடிக்கும் சாவி இன்று காலையிலும் அதே மேசையில் அதே இடத்தில் இருந்தது. இந்தப் போனிலோ நான் பழகிய பொத்தான் ஒரே இரவில் மேலிருந்து கீழே போய்விடுகிறது, அதன் நிறமும் மாறிவிடுகிறது. எங்கே போயிற்று என்று மகனைக் கேட்டால், ‘கொடுங்கள் அப்பா’ என்று வாங்கி, என் கண் தொடர முடியாத வேகத்தில் நான்கு இடங்களைத் தட்டி, ‘ஆயிற்று’ என்று திருப்பிக் கொடுக்கிறான். ஆனது அவனுக்கு. கடைப் பையனிடம் போவதில் எங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: அவன் பெருமூச்சு விடுவதில்லை.

காசாளர் ஐயா சொன்ன சர்க்கிள் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. ஓய்வூதியம் வாங்குகிற மனிதன் பால் பாக்கெட்டை மகன் கணக்கிலிருந்து வாங்க வேண்டுமா? இரண்டாவது கணக்கு என்றீர்களே, அது சரி.

இன்னொன்று, தம்பி. தங்கள் தந்தைக்குப் புள்ளியும் கோடும் தெரியாதா? தட்டுவது புள்ளி, அழுத்திப் பிடிப்பது கோடு என்று சொல்லிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர்:

ஐயாவின் ஆட்சேபணை நியாயமானது. சர்க்கிளை நான் கட்டாயமாகச் சொல்லவில்லை. ஆனால் மானத்தை நினைத்துத் தயங்கிய எத்தனையோ பேர், பணம் போன பிறகும் பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைத்ததை வங்கி முகப்பில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். சொன்னால் திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் 1930ஐ அழைக்க வேண்டிய நேரம் கழிந்துபோகிறது.

கும்பகோணத்துப் பிள்ளை:

அனைவருக்கும் நன்றி. தீபாவளி விடுப்பில் போயிருந்தவன், நவம்பர் முதல் வாரம் வரை அங்கேயே இருந்துவிட்டேன். புள்ளி, கோடு என்று சொன்னதும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். கோடு என்பது மூன்று புள்ளி நேரம், இந்தப் போன் ஒரு புள்ளியையே கோடாக எடுத்துக்கொள்கிறதே, யார் இதைப் பழக்கியது என்று கேட்டார். நேரத்தை நீட்டி வைத்தேன். அதன்பின் செயலி எதுவும் காணாமல் போகவில்லை.

முகப்பதிவில் தவறு வெளிச்சத்தில் மட்டும் இல்லை. அந்தச் செயலி கண்ணை இமைக்கச் சொல்கிறது. அப்பாவோ படம் எடுக்கிறார்கள் என்றதும் ஸ்டூடியோ நாற்காலியில் அமர்ந்தவரைப் போல மூச்சை அடக்கி, இமைக்காமல் விறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு வீடியோவில் கத்திக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவே இல்லை. அம்மாதான் கண்டுபிடித்து, ‘கொஞ்சம் கண்ணை மூடித்தான் திறங்களேன்’ என்றார். உடனே பதிந்தது.

இரண்டாவது கணக்கு தொடங்கிவிட்டோம், ரகசிய எண்ணையும் அவரே மாற்றினார். காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டாலும், புதிய எண்ணை எங்கேனும் எழுதி வைத்திருப்பார் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. சான்றிதழ் எண் குறுஞ்செய்தியாக வந்ததும் அதைப் போனிலேயே விட்டுவைக்க மனமில்லாமல், ஒரு நோட்டில் இலக்கம் இலக்கமாக எழுதி, பக்கத்தில் வந்த நேரத்தையும் குறித்து, கீழே சுருக்கொப்பம் போட்டு வைத்தார்.