ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கோலுக்குப் பந்து யாரிடமிருந்து வந்தது?

சங்க உறவுகள் எல்லோருக்கும் தோகாவிலிருந்து வணக்கம்.

இதை வாட்ஸப்பில் போட்டிருக்கலாம். போட்டால் பிறந்தநாள் வாழ்த்துக்கும் மீன் ஏலப் படத்துக்கும் அடியில் ரெண்டு மணி நேரத்தில் புதைந்துவிடும். அதனால் மடற்குழுவுக்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் ஃபுட்பால் டீமுக்கு செமிஃபைனல். குமரி மேற்குக் கரையில் நம் வள்ளவிளையில் சாயங்காலம் நாலரை என்றால் எனக்கு மத்தியானம் ரெண்டு. இங்கே ஞாயிறு வேலைநாள்தான். ஆனால் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை பத்து மணியிலிருந்து மூன்றரை மணி வரை வெட்டவெளியில் ஆளை வேலைக்கு நிறுத்தக் கூடாது என்று கத்தாரில் சட்டம் இருக்கிறது. நம் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அங்கே கடலுக்குத் தடை, இங்கே வெயிலுக்குத் தடை. இந்த ரெண்டும் சேர்ந்து வருகிற ரெண்டு மாதத்தில்தான் நம் டீமை முழு டீமாக, ஆட்டம் நடக்கும்போதே, நான் பார்க்க முடிகிறது. மற்ற மாதங்களில் பின்னால் தடுத்து ஆடுகிற பேக்கு லட்சத்தீவுக்கு அந்தப் பக்கம் தூண்டில் விட்டுக்கொண்டிருப்பான், கோல் காக்கிற கோலி கொச்சியில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பான். எந்தப் போட் எப்போது கரை பிடிக்கும் என்று மனைவியிடம் கேட்டுக் கேட்டு, அடுத்த ஆட்டத்துக்கு யார் யார் இருப்பார்கள் என்று பத்தொன்பது வருஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சைட்டில் கேபினுக்குள் உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டம் 1-1. முடிய நாலு நிமிஷம் இருக்கும். நமக்கு வலது பக்கம் கார்னர். நம் பத்தாம் நம்பர் பந்தை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்து ஊரில் மழை பிடித்தது. போன் கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது, படம் அப்படியே நின்றது. தூக்கிய கையும், மங்கலாகச் சிலுவை நிற்கிற குருசடியும், குடைகளும். அவ்வளவுதான். ஆறு நிமிஷம் கழித்து ஒரு மெசேஜ்: “2-1, ஜெயிச்சாச்சு.”

சந்தோஷம் இல்லையென்று சொல்வேனா? கேபினில் கூட இருந்த நேபாளத் தம்பியைக் கட்டிப்பிடித்துவிட்டேன். ஆனால் அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று தெரியாமல் மூன்றரை மணிக்கு மறுபடி வேலையில் நின்றபோது மனசு அந்த கார்னர் கொடியை விட்டு நகரவே இல்லை. ராத்திரி ஆறு பேருக்கு போன் செய்தேன். கமிட்டி அண்ணன், எதிர் டீம் கோலி பந்தைக் கையால் குத்திவிட, அது நம் ஏழாம் நம்பர் காலில் வந்து விழுந்தது என்றார். லைன் ஓரமாக நின்ற மச்சான், கோலி பந்தைத் தொடவே இல்லை, நேராக ஹெட் என்றான். கோல் அடித்த பையனிடமே கேட்டேன். “எனக்குத் தெரியாது மாமா, பந்து வந்தது, அடிச்சேன்” என்கிறான்.

மொட்டைமாடியில் நின்று பார்த்த என் மைனிதான் (அண்ணன் மனைவி) சரியாகச் சொன்னார். “மூணாம் நம்பர் ஓடி வந்தானா, எல்லாவனும் அவன் அடிப்பான்னு அவன் பொறத்தால போனானுவ. அவன் காலை அகத்தி பந்த விட்டுட்டான். பொறகால நின்னவன் அடிச்சான்.”

அதாவது பந்தைத் தொடாதவன்தான் அந்தக் கோலுக்கு வழி செய்தவன். மைனி சொல்லியிருக்காவிட்டால் அந்த மூணாம் நம்பரின் வேலை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அவனும் வாய் திறந்து சொல்கிற பையன் இல்லை. தடை முடிந்ததும் முதல் போட்டில் கிளம்பிவிடுவான்.

எங்கள் அப்பா இருந்திருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பார். உங்களில் பல பேர் வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும். அப்பா சுறாத் தூண்டிலுக்குப் போனால் முப்பது நாள், முப்பத்தைந்து நாள். கொச்சி தோப்பும்படி ஹார்பரில் மீனைப் போட்டுவிட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து முக்குக் கடைக்கு போன் வரும். கடைக்காரர் ஆள் விட்டுக் கூப்பிடுவார். அம்மாவிடம் பணக் கணக்கு, பாட்டியின் இருமல், எல்லாம் பேசி முடித்துவிட்டு என்னைக் கேட்பார். நான் போனை வாங்கியதும், “யாரு கோல் அடிச்சது”ன்னு கேட்க மாட்டார். “பந்து யாருக்க காலுல இருந்துலே வந்தது? அதச் செல்லு” என்பார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு இருக்கும். சொல்லத் தெரியாமல் ரெண்டு தடவை முழித்தேன். மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, அப்பா காத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாம் தடவையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். யார் எறிந்தார், யார் வாங்கினார், யார் விட்டுக்கொடுத்தார், காற்று எந்தப் பக்கம், முதல் பாதியில் நாம் எந்தக் கோலுக்கு அடித்தோம், எல்லாம் எழுதினேன். அப்பா கரைக்கு வந்து குளித்து, மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு நோட்டைப் பிரித்து வாசிப்பேன். பாதியில் நிறுத்தி, “அவன் இடதுகாலுகாரனாச்சே, எப்படிலே வலதுல எடுத்தான்?” என்பார். ஆட்டத்தை அவர் பார்த்திருக்கவே மாட்டார். ஆனால் பிழை எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அண்ணன் கடலுக்குப் போன காலத்தில் போட்டுக்குப் போட் பேசுகிற வி.எச்.எஃப். வயர்லெஸ் வந்தது. கரைக்குப் பக்கத்தில் நிற்கிற போட் ஸ்கோரைக் கேட்டு அடுத்த போட்டுக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததுக்கு. அண்ணன் சொல்வார், நாலாவது போட்டுக்குப் போகும்போது 2-1 என்பது 3-1 ஆகியிருக்கும், ஆனால் கோல் அடித்தவன் பேர் மட்டும் மாறாது என்று. நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை எட்டு ஊரிலும் பாதி ரசிகர்கள் எப்போதும் கடலில்தான் இருந்திருக்கிறார்கள். தூரத்தில் இருந்துகொண்டு ஆட்டத்தைக் கேட்டு வாங்குகிற பழக்கத்தை குவைத்துக்கும் பஹ்ரைனுக்கும் நாம் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறோம்.

ஒரு விஷயம் இடையில். நம் பையன்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் “கடல் உடம்பு” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். உடம்பு மட்டும் இல்லை. கடப்புற மணலில் பந்து உருளாது. தரையில் தட்டிக் கொடுத்தால் ரெண்டடியில் நின்றுவிடும். அதனால் சின்ன வயசிலேயே பந்தை மணலில் விழவிடாமல் கொடுக்கவும், விழுவதற்குள் வாங்கவும் கற்றாக வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று குறுக்கே அடிக்கும். தூக்கிக் கொடுக்கிற பந்தைக் காற்றுக்குத் தக்கபடி கடல் பக்கம் தள்ளியே அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தெங்குக்குள் போய்விடும். வெறுங்காலில் இதைப் பத்து வருஷம் செய்தவன் காலில் பந்து எப்படி ஒட்டாமல் போகும்? அதே பையன் சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்ப் புல்தரையில் நின்றால் முதல் வருஷம் திணறுவான், பந்து அவனை விட்டு ஓடும். அந்த ஒரு வருஷத்தைத் தாண்டினவர்கள்தான் நாம் டிவியில் பார்க்கிறவர்கள்.

பக்கத்து இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜையே எடுங்கள். சின்ன வயசில் இரவிபுத்தன்துறை தோற்றால் எனக்கு இரட்டைச் சாப்பாடு இறங்கும். அதே ஊர்ப் பையன் சென்னை சிட்டிக்கு ஆடப்போன நாளிலிருந்து அவர் ஆடிய டீமெல்லாம் என் டீம். சகோதரர் மைக்கேல் ரெஜினும் சென்னை சிட்டியில் ஆடினவர். சூசைராஜ் ஜாம்ஷெட்பூர் போனார், நானும் போனேன். கொல்கத்தாவின் ஏடிகே போனார், நானும் போனேன். 2019 மார்ச்சில் சென்னை சிட்டி கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் கோப்பையை வாங்கியபோது அவர் அந்த டீமில் இல்லை, அதற்காக நான் அழுதேன் என்றால் நம்புங்கள். 2020 மார்ச் 14, கோவாவில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல். கொரோனா பயத்தில் ஒரு ஆள் இல்லாத ஸ்டேடியம். ஒரு பக்கம் சென்னையின் எஃப்.சி. டீம், மறுபக்கம் சூசைராஜ் இருந்த ஏடிகே. தமிழ்நாட்டுக்காரன் எந்தப் பக்கம் நிற்பது? நான் கடப்புறத்துப் பக்கம் நின்றேன். ஏடிகே 3-1. அந்த வருஷம் நவம்பர் 20, அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில், முதல் பாதியிலேயே காலில் அடிபட்டு அவரை வெளியே கொண்டுபோனபோது இங்கே எங்கள் ரூமில் எட்டு பேர் சோற்றைத் தொடவில்லை.

2022இல் உலகக் கோப்பையே நான் இருக்கிற ஊருக்கு வந்தது. பார்த்தேன், சந்தோஷப்பட்டேன். ஆனால் அதைப் பற்றி எழுத உலகம் முழுக்க ஆள் இருக்கிறது.

நம் ஆட்டத்தை எழுத ஒரு ஆள் இல்லை. நான் சொல்ல வந்தது இதுதான்.

என் நோட்டுகள் இப்போது இல்லை. கடல் வீட்டுக்குள் ஏறிய வருஷம் பெட்டியோடு நனைந்து மாவாகிவிட்டது. அதில் இருந்த மைதானமும் இல்லை. அப்பா ஆடிய கடப்புறம், பக்கத்துக்குப் பதினோரு பேராக லெவன்ஸ் ஆடுகிற அளவுக்கு அகலமாக இருந்த மணல், இப்போது அலைக்கு அடியில் இருக்கிறது. கடலரிப்பைத் தடுக்கிற தூண்டில் வளைவு கேட்டு நம் ஆட்கள் எத்தனை தடவை மனு எழுதினார்கள் என்று இந்தக் குழுவிலேயே பழைய மடல்களைத் தேடினால் தெரியும். இன்றைக்கு நமக்கு மிஞ்சியிருப்பது ஏழு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் மைதானம்தான். ஓங்கி அடித்தால் பந்து ஏ.வி.எம். கால்வாய்ப் பக்கம் போகிறது.

ஆட்களும் போய்விட்டார்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் எட்டு ஊரும் இழந்தவர்களில் நம் சட்டை போட்டு ஆடினவர்களும் உண்டு. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊரில் யாரும் பந்தை எடுக்கவில்லை. அவர்களில் ஒருவரின் மகன் இப்போது அண்டர்-14இல் ஆடுகிறான். போன வருஷம் நான் லீவுக்கு வந்தபோது என்னிடம் வந்து, “எங்கப்பா எந்த எடத்துல ஆடுவாரு மாமா?” என்று கேட்டான். லெஃப்ட் விங் என்றேன். “எப்படி ஆடுவாரு?” என்றான். எனக்கு நினைவிருந்த ரெண்டு ஆட்டத்தைச் சொன்னேன். ரெண்டுதான் நினைவிருந்தது. அவர் பதினோரு வருஷம் ஆடினவர்.

ஆகவே கமிட்டிக்கு என் வேண்டுகோள். போன் பிடிக்கிற தம்பியை நான் குறை சொல்லவில்லை. மழையில் நனைந்துகொண்டு நமக்காக நிற்கிறான், அவனுக்கு ஒரு மழைக்கோட்டும் ரெண்டு பவர்பேங்கும் இந்த வாரம் வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுகிறேன். ஆனால் போன் பந்துக்குப் பின்னால்தான் ஓடும். பந்தில்லாத இடத்தில் யார் ஓடினார்கள் என்று அது காட்டாது. லைன் பக்கத்தில் நோட்டோடு ஒரு ஆளை உட்கார வையுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போதும். பொம்பளப்பிள்ளைகளையும் கேளுங்கள், மாடியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மைதானம் முழுக்கத் தெரிகிறது, என் மைனியே சாட்சி. எழுதின பக்கத்தை ராத்திரியே படமெடுத்து அனுப்பினால் போதும், தட்டச்சு செய்து குழுவில் போடுவது என் பொறுப்பு. ஆகஸ்ட் 1க்குப் பிறகு போட்டில் இருக்கிறவர்களுக்கு வி.எச்.எஃப்.பில் வாசித்துக் காட்ட ஹார்பர் பக்கம் யாராவது ஒத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பழைய ஆட்டங்களும் வேண்டும். மஸ்கட்டில் இருக்கிற பெரியவர்கள், குவைத்தில் இருக்கிற அண்ணன்மார், உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள். வருஷம் தெரியாவிட்டால் விடுங்கள். எந்தத் திருவிழா, கோயிலில் எந்த அச்சன் (பங்குச் சாமியார்) இருந்த காலம் என்று சொன்னால் போதும், வருஷத்தை நாம் கண்டுபிடித்துவிடலாம். அந்த லெஃப்ட் விங்காரரின் ஆட்டங்களை முதலில் எழுதுங்கள். பையன் கேட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது.

வருகிற ஞாயிறு ஃபைனல், இரவிபுத்தன்துறையோடு. அதற்குப் பிறகு தடை முடிய நாலே நாள். போட்டுகளுக்கு இப்போதே பெயின்ட் அடித்து முடித்துவிட்டார்களாம், நம் டீமில் நாலு பேர் முதல் நாளே கிளம்புகிறார்கள். ஞாயிறுதான் இந்த வருஷத்துக்கு நம் முழு டீமும் கடைசியாக ஒன்றாக நிற்கிற நாள். பத்தாம் நம்பருக்கு முழங்கால் வீக்கம் இறங்கிவிட்டதா என்று யாராவது இன்றைக்கே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள், அவனிடம் கேட்டால் சரியாகிவிட்டது என்றுதான் சொல்வான்.

இன்னொன்றும் எனக்குத் தெளிவாகவில்லை. அந்த கார்னரை அவன் எந்தக் காலில் எடுத்தான்? மைனி வலது என்கிறார், மச்சான் இடது என்கிறான். வலது பக்கத்திலிருந்து இடதுகாலில் எடுத்திருந்தால் பந்து உள்ளே வளைந்து வந்திருக்கும், அப்படியானால் மூணாம் நம்பர் அதை விட்டுக்கொடுத்தது இன்னும் பெரிய வேலை. நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.