நிறுத்தி வச்ச கார்ல பேட்டரி இறங்குது: குத்தம் யார் மேல?

அஸ்தம்பட்டி:
எனக்கு வேலை பெங்களூர்ல. கார் சேலத்துல வீட்டு போர்டிகோவுல நிக்குது. வாங்கி ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகல, பெட்ரோல் வண்டி, கீலெஸ் (சாவி பக்கத்துல இருந்தாலே போதும், பட்டனை அமுக்கி ஸ்டார்ட் பண்றது). இந்தத் தடவை ஊருக்கு வர மூணு வாரம் போல ஆயிடுச்சு. வந்து பாத்தா ரிமோட்டுக்குக் கதவு திறக்கல. ரிமோட்டுக்குள்ள இருக்கிற இரும்புச் சாவியை உருவி எடுத்துத்தான் திறந்தேன். பட்டனை அமுக்கினா டேஷ்போர்டு விளக்கு எல்லாம் ஒரு தரம் மினுங்கிட்டு மங்கிடுச்சு, உள்ளேருந்து டக்டக்னு சத்தம், செல்ஃப் எடுக்கல. பேட்டரியில மீட்டர் வச்சா 11.6 வோல்ட்.

சர்வீஸ் சென்டர்ல கேட்டா, "ஓட்டாம விட்டது உங்க தப்பு, பேட்டரி இப்படி அடியோட இறங்கினா, அதாவது டீப் டிஸ்சார்ஜ் ஆனா, வாரன்டியில வராது, புது பேட்டரி போட்டுக்குங்க"ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு இது நியாயமா படல. இத்தனை லட்சம் குடுத்து வாங்கற வண்டி ஒரு மூணு வாரம் சும்மா நிக்கக்கூடாதா? இது கம்பெனியோட டிசைன் கோளாறு. இல்லேன்னு சொல்றவங்க காரணத்தோட சொல்லுங்க.

சூரமங்கலம் சர்வீஸ்:
நான் ஒரு ஷோரூமில் சர்வீஸ் பக்கம் வேலை பார்க்கிறேன். எந்த பிராண்டு என்று சொல்ல விரும்பவில்லை. சார், கார் ஓடுவதற்காகச் செய்தது. பூட்டிய பிறகும் அதில் சென்ட்ரல் லாக், அலாரம், கீலெஸ் ரிசீவர், சிம் போட்ட கனெக்டட் யூனிட் எல்லாம் விழித்துக்கொண்டுதான் இருக்கும். இந்த வசதிகளைக் கேட்டு வாங்குவது வாடிக்கையாளர்தான். வாரம் ஒரு முறை வீட்டில் யாராவது பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

குகை எலக்ட்ரீசியன்:
பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்கன்னு இன்னும் எத்தனை காலத்துக்குச் சொல்லப் போறீங்க? கணக்கு போட்டுப் பாப்போம். பூட்டி நல்லா தூங்கிட்ட கார் 20லேருந்து 50 மில்லி ஆம்ப் வரைக்கும் இழுக்கும். 30னு வச்சுக்குங்க. ஒரு நாளைக்கு 0.72 ஏ.ஹெச் (ஆம்பியர் அவர், பேட்டரி சார்ஜை அளக்கற கணக்கு). ஒரு வாரத்துக்கு 5. ஐடிலிங்ல, ஏசியும் ஃபேனும் ஓடிட்டிருக்க, பத்து நிமிஷத்துல பேட்டரிக்குள்ள ஒரு ஏ.ஹெச் போய்ச் சேர்ந்தாலே பெருசு. லெட் ஆசிட் பேட்டரி சார்ஜை மெதுவாத்தான் வாங்கும், நம்ம அவசரத்துக்கு வாங்காது. இதுல கதவைத் திறந்து மூடறப்பல்லாம் தூங்கற யூனிட் எல்லாம் மறுபடி எழுந்துக்கும். இப்ப வர்ற நிறைய வண்டியில டைனமோவையும் கம்ப்யூட்டர்தான் கட்டுப்படுத்துது. மைலேஜுக்காக பேட்டரியை முழுசா நிரப்பாம கொஞ்சம் குறைச்சே வச்சிருக்கிற வண்டியும் இருக்கு. ஓட்டறதா இருந்தா ஓமலூர் வரைக்கும் போய்ட்டு வாங்க, அது உதவும். போர்டிகோவுல நின்ன இடத்துலயே உறுமறது பெட்ரோலுக்குத்தான் கேடு.

ஆனா அஸ்தம்பட்டி தம்பி, உங்க கூடவும் நான் ஒத்துப் போகல. உங்க பேட்டரி 35 ஏ.ஹெச்சா இருக்கும். நாளைக்கு 0.72ன்னா மூணு வாரத்துக்கு 15. நிறைஞ்ச பேட்டரியா இருந்தா பாதிக்கு மேல மிச்சம் நிக்கணும், செல்ஃப் எடுத்திருக்கணும். 11.6னா அது காலி. 12.6க்கு மேல இருந்தா ஃபுல், 12.2 வந்தா பாதின்னு ஞாபகம் வச்சுக்குங்க. அப்போ வேற ஏதோ கூடுதலா இழுத்திருக்கு, இல்லேன்னா நீங்க பூட்டிட்டுப் போறப்பவே பேட்டரி அரைகுறையா இருந்திருக்கு. டேஷ்கேம், டிராக்கர், வெளியில மாட்டின ஆம்ப்ளிஃபயர் ஏதாச்சும் இருக்கா?

அஸ்தம்பட்டி:
ஒண்ணும் மாட்டல அண்ணா. ஷோரூம்லேருந்து வந்தது வந்தபடியே இருக்கு. வீட்டுல அப்பா மட்டும்தான், அவர் இப்ப கார் எடுக்கறதில்ல.

சங்ககிரி லாரி:
இத்தனை பேச்சு எதுக்குங்க? எங்க லாரியில எல்லாம் பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச் இருக்கும். வண்டியை நிறுத்தினா சுவிட்சைத் திருப்பிட்டு இறங்கிடுவோம். மாசக்கணக்கா லோடு இல்லாம நின்னாலும் பேட்டரி நிக்கும். கார்லயும் மைனஸ் டெர்மினல்ல ஒண்ணு மாட்டி விட்டா முடிஞ்சது. சுவிட்சு வேண்டாம்னா பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து மைனஸைக் கழட்டிட்டு பெங்களூர் பஸ் ஏறுங்க.

சூரமங்கலம் சர்வீஸ்:
கழற்றலாம், ஆனால் விளைவு தெரிந்து கழற்றுங்கள். பவர் விண்டோவின் ஆட்டோ வசதி, கடிகாரம், சில வண்டிகளில் ஸ்டீரிங் ஆங்கிள் எல்லாம் மறந்துபோகும். திரும்ப மாட்டும்போது எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று எங்களிடம்தான் வருவீர்கள். அலாரமும் செத்துவிடும். மேலும் புது வண்டிகளில் மைனஸ் டெர்மினலிலேயே கரண்ட் சென்சார் உட்கார்ந்திருக்கும். அதில் வெளியே வாங்கிய சுவிட்சை வைத்து இறுக்கி, சென்சார் கெட்டால் அந்தச் செலவு பேட்டரி விலையை எட்டும்.

சங்ககிரி லாரி:
கடிகாரம் திருப்பி வைக்க ஒரு நிமிஷம். விண்டோவை முழுசா ஏத்தி இறக்கி பட்டனைக் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தா நிறைய வண்டியில சரியாயிடும். அலாரம் இல்லேன்னா திருட்டுன்னு பயமுறுத்தாதீங்க. இம்மொபிலைசர் பேட்டரியைக் கழட்டினாலும் போகாது, சரியான சாவி இல்லாம இன்ஜின் ஓடாது. கழட்டறப்ப மைனஸ் முதல்ல, மாட்டறப்ப மைனஸ் கடைசில. அவ்வளவுதான் விஷயம்.

குகை எலக்ட்ரீசியன்:
சங்ககிரி அண்ணா சொல்றது வேலைக்கு ஆகும். மூணு மாசம் வெளிநாடு போறவங்களுக்கு நானும் அதைத்தான் சொல்றேன். ஆனா காரணம் தெரியாம கழட்டி வச்சா காரணம் அப்படியே உள்ள இருக்கும். மாட்டின மறுவாரம் மறுபடி இதே கதைதான்.

லாரிப் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லியே ஆகணும். கார் நின்னுபோச்சுன்னு ரோட்டுல போற லாரியை நிறுத்தி ஜம்ப் கேபிள் போடறாங்க. லாரி 24 வோல்ட், ரெண்டு பேட்டரி சீரியஸ்ல இருக்கும். அப்படியே கோத்தா காரோட கம்ப்யூட்டர் புகைஞ்சிடும். கார்லேருந்து கார்னாலும் கடைசி கறுப்பு கிளிப்பை நின்னுபோன வண்டியோட பேட்டரி மைனஸ்ல போடாதீங்க, இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இரும்புல போடுங்க. பேட்டரிகிட்ட ஹைட்ரஜன் வாயு இருக்கும், பொறி பறந்தா ஆபத்து.

ஏற்காடு காப்பித்தோட்டம்:
எங்க பக்கம் ஜம்ப் கேபிளைவிட சரிவுதான் அதிகம். எங்க அப்பா காலத்து ஜீப்பை எப்பவும் இறக்கத்துலதான் நிறுத்துவாங்க. செல்ஃப் எடுக்கலேன்னா ரெண்டாவது கியர்ல போட்டு உருட்டினா போதும். இப்ப டூரிஸ்ட் கார்காரங்களும் அதையே செய்யப் பாக்கறாங்க. கோடை விழா சமயத்துல லூப் ரோட்டுல நிறுத்திட்டு, உள்விளக்கையோ பார்க்கிங் லைட்டையோ அணைக்க மறந்து, ராத்திரி முழுக்க எரிஞ்சு காலையில நிக்கும். தயவுசெஞ்சு யாரும் மலை ரோட்டுல உருட்டாதீங்க. சேலம் இறங்கற பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. இன்ஜின் ஓடலேன்னா பிரேக் பெடல் ரெண்டு மூணு மிதிக்கு மேல கல்லு மாதிரி இறுகிடும், ஸ்டீரிங்கும் லேசுல திரும்பாது. எங்க தோட்டத்து கேட்டுக்கு எதிர்ல ஒருத்தர் அப்படி உருட்டி, வளைவு வர்றதுக்குள்ள வண்டி நிக்காம, கடைசில ஓரத்து மண் மேட்டுல ஏத்தித்தான் நிறுத்தினார். ஆள் இறங்கினப்ப கை நடுங்கிட்டிருந்துச்சு.

குகை எலக்ட்ரீசியன்:
இதை எல்லாரும் படிக்கணும். உருட்டினாலும் பேட்டரி சுத்தமா செத்திருந்தா ஃபியூயல் பம்பும் இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும் ஓடக் கரண்ட் இருக்காது, இன்ஜின் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் வண்டின்னா அந்தப் பேச்சுக்கே இடமில்ல.

பழைய அம்பாசிடர்:
அம்பாசிடர் வைத்திருந்தபோது கோடை விடுமுறை முழுக்க ஊருக்குப் போய்விட்டு வந்து ஸ்டார்ட் செய்திருக்கிறேன். மிஞ்சிப் போனால் ஹேண்டில் போட்டுச் சுற்றுவோம். அஸ்தம்பட்டி நண்பர் கேட்பது சரியான கேள்வி. வசதி என்ற பெயரில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, அதைச் சுமக்கும் பேட்டரியை மட்டும் விலையைக் குறைக்கச் சின்னதாகவே போடுகிறார்கள். அது யாருடைய முடிவு? வாங்குபவரிடம் யாரும் கேட்கவில்லையே.

ஏற்காடு காப்பித்தோட்டம்:
வெயிலையும் கணக்குல சேருங்க. மலை மேல குளிர்ல பேட்டரியோட பலம் குறையும், ஆனா சும்மா நிக்கறப்ப தானா இறங்கறது மெதுவாத்தான் இருக்கும். கீழ சேலத்துல ஏப்ரல், மே வந்தா 40 டிகிரி. சூடு ஒவ்வொரு பத்து டிகிரி ஏறவும் தானா இறங்கற வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், பேட்டரியோட ஆயுசும் சுருங்கும். கீழ வெயில்ல நிக்கற காரோட பேட்டரி எங்க மலை வண்டியோட பேட்டரிக்கு முன்னாடியே போறதை நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்.

குகை எலக்ட்ரீசியன்:
அம்பாசிடர் ஐயா, அந்த வண்டியில தூங்கறதுக்கும் முழிக்கறதுக்கும் ஒண்ணுமே இல்லையே. இதுக்கும் அதுக்கும் ஒப்பு இல்ல.

தம்பி, அளந்து பாருங்க, அப்புறம் சண்டை போடலாம். பேட்டரியை வெளியில எடுத்து சார்ஜர்ல முழுசா ஏத்திக்குங்க. டிசி மில்லி ஆம்ப் காட்டற கிளாம்ப் மீட்டர் கிடைச்சா நல்லது, மைனஸ் கேபிள்ல மாட்டினா போதும். பானெட்டைத் திறந்து வச்சு, அதோட லாக்கை மட்டும் ஸ்க்ரூடிரைவரால மூடின நிலைக்குத் தள்ளிடுங்க, இல்லேன்னா வண்டி திறந்திருக்குன்னு நினைச்சுத் தூங்காது. பானெட்டை மறுபடி மூடறதுக்கு முன்னாடி உள்ள லீவரை இழுத்து அதை விடுவிச்சுடணும். காரைப் பூட்டிட்டு அரைமணிக்குக் குறையாம காத்திருங்க. முதல்ல ரெண்டு மூணு ஆம்ப் காட்டும், அப்புறம் படிப்படியா இறங்கும். 50 மில்லிக்குக் கீழ வந்து நின்னா வண்டி மேல குத்தமில்ல. நிக்கலேன்னா ஃப்யூஸைப் பிடுங்காதீங்க, பிடுங்கி மாட்டினா யூனிட் எழுந்துக்கும். ஃப்யூஸ் தலையில இருக்கிற ரெண்டு புள்ளியில மில்லி வோல்ட் வச்சுப் பாருங்க, எதுல கரண்ட் ஓடுதோ அங்க காட்டும்.

அஸ்தம்பட்டி:
அளந்துட்டேன். பக்கத்துத் தெரு ஏசி மெக்கானிக்கிட்ட கிளாம்ப் மீட்டர் இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே பூட்டினதும் ரெண்டு ஆம்புக்கு மேல. கொஞ்ச நேரத்துல 0.4. அப்புறம் 0.03. சரி, தூங்கிடுச்சுன்னு நினைச்சேன். சட்டுனு 1.5க்கு ஏறுச்சு. சைட் மிரர் பக்கம் ஒரு விளக்கு மெல்ல எரிஞ்சு அணைஞ்சது. மறுபடி இறங்குச்சு. மறுபடி ஏறுச்சு. யாரும் வண்டிகிட்ட போகல. அப்பா ஹால்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தார்.

காரணம் தேடினா, கார் சாவி ஹாலுக்குள்ள வாசல் சுவத்து ஆணியில தொங்குது. சுவத்துக்கு இந்தப் பக்கம் டிரைவர் கதவு. நடுவுல ஒரு செங்கல் சுவர், அவ்வளவுதான் தூரம். சாவியை எடுத்துப் பின்கட்டு பீரோவுல வச்சுட்டு மறுபடி அளந்தேன். 28 மில்லி ஆம்ப்ல வந்து அப்படியே நின்னுடுச்சு.

குகை எலக்ட்ரீசியன்:
அதான். சாவி பக்கத்துல இருக்கிறதால வண்டி ஆள் வந்தாச்சுன்னு எழுந்துக்குது. எல்லா கீலெஸ் வண்டியும் இப்படிச் செய்யாது, சிலது செய்யும். பேட்டரி இல்ல பிரச்சினை, சாவி மாட்டின இடம்.

சூரமங்கலம் சர்வீஸ்:
சாவியை வண்டியிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லிச் சில கம்பெனி மேனுவலிலேயே இருக்கிறது. படித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. கம்பெனியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

அஸ்தம்பட்டி:
நான் இதை ஏத்துக்க மாட்டேன் சார். டெலிவரி அன்னைக்கு மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுத்தீங்க. எந்தப் பட்டன் எதுக்குன்னு அரைமணி சொன்னீங்க. சாவியை எங்க மாட்டக்கூடாதுன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லல. வாசல் பக்கத்துல சாவி மாட்டற வீடு எங்க வீடு மட்டுமா? சேலத்துல தெருவுக்குத் தெரு போய்ப் பாருங்க. சாவி அசையாம ஒரே இடத்துல நாள் முழுக்க தொங்கினா அதைக் கண்டுக்காம தூங்கற மாதிரி வண்டியைச் செய்ய முடியும். அசையலேன்னா சிக்னலை நிறுத்திக்கிற சாவியே வந்தாச்சு. செய்யாம விட்டது யாரு?

28 மில்லியை எடுத்துக்கிட்டாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கு. டயர்ல எவ்வளவு காத்து, என்ன ஆயில், பல்பு எத்தனை வாட்னு எல்லாம் மேனுவல்ல அச்சடிக்கிறீங்க. பூட்டின வண்டி எவ்வளவு கரண்ட் இழுக்கும், எத்தனை வாரம் நிக்கலாம்னு ஒரு வரி போட்டா என்ன? அந்த ஒரு வரி இருந்திருந்தா சர்வீஸ் சென்டர்ல என்னைப் பாத்து "உங்க தப்பு"ன்னு சொல்லியிருக்க முடியாது. கம்பெனிக்கு மெயில் எழுதப் போறேன்.

சூரமங்கலம் சர்வீஸ்:
அந்த எண் வேரியன்டுக்கு வேரியன்ட் மாறும். பேட்டரியின் வயது, வெயில், நெட்வொர்க் சிக்னல் எல்லாவற்றையும் பொறுத்தது. அச்சடித்தால் அதையே பிடித்துக்கொண்டு வாரன்டி கேட்பார்கள்.

பழைய அம்பாசிடர்:
கேட்கட்டுமே. மைலேஜும்தான் மாறுகிறது, அதை விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறீர்களே.

குகை எலக்ட்ரீசியன்:
இதுல நான் தம்பி பக்கம். ஆனா மெயில் எழுதறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. 11.6 வரைக்கும் இறங்கி நாள் கணக்கா நின்ன பேட்டரியோட பிளேட்டுல சல்பேட் படிஞ்சிருக்கும். மீட்டர்ல 12.6 காட்டினாலும் லோடு குடுத்தா படுத்துடும். நாலஞ்சு ஆம்ப் சார்ஜர்ல ராத்திரி முழுக்க மெதுவா ஏத்தி, சில மணி நேரம் சும்மா விட்டு, அப்புறம் லோடு டெஸ்ட் பண்ணுங்க. தாங்கினா புதுசு வாங்க வேண்டாம். தாங்கலேன்னா அந்த டெஸ்ட் சீட்டையும், சாவி இருந்தப்பவும் இல்லாதப்பவும் எடுத்த மீட்டர் போட்டோவையும் மெயில்லயே சேத்து அனுப்புங்க. பூட்டின பிறகு எத்தனை நிமிஷத்துல இந்த வண்டி தூங்கணும்னும் கேட்டு வைங்க. அதுக்குப் பதில் வந்தா இங்க போடுங்க, எனக்கும் வேணும்.