லேசர் இருக்கும்போது அயனிக் கற்றை எதற்கு?

கயல்:
எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன், செமினாருக்கு வார்ம் டென்ஸ் மேட்டர், அதாவது சூடான அடர்பொருள் நிலை, எடுத்திருக்கிறேன். திடப்பொருளின் அடர்த்தி, 10,000 கெல்வின் அளவில் வெப்பம், வியாழனின் உட்பகுதி இப்படித்தான் இருக்கும் என்பது வரை சரி. புரியாதது இதுதான்: ஒரு தகட்டைச் சூடாக்க லேசர் போதாதா? அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வகத்தில் என்டிசிஎக்ஸ்-2 என்று தனியாக ஒரு அயனி முடுக்கியையே ஏன் கட்டினார்கள்?

பரணி:
லேசர் உலோகத்தின் மேல்தோலிலேயே நின்றுவிடும். வெப்பம் உள்ளே போய்ச் சேருவதற்குள் மேற்பக்கம் ஆவியாகிப் பாய்ந்து, உள்ளே ஒரு அதிர்ச்சி அலையும் கிளம்பி, கடைசியில் எந்த இடத்தில் என்ன வெப்பநிலை, என்ன அடர்த்தி என்று சொல்வதே கஷ்டம். அயனி தகட்டை ஊடுருவிப் போகும். வேகம் குறையக் குறைய அது இழக்கும் ஆற்றல் கூடிக்கொண்டே போய், பிராக் உச்சி என்ற அதிகபட்ச அளவைத் தொட்டுவிட்டுச் சரியும். அந்த உச்சிக்குச் சற்று முன்னால் நுழைந்து சற்றுத் தள்ளி வெளியேறும்படி ஆற்றலைத் தேர்ந்தெடுத்தால் தகடு முழுக்க ஏறக்குறைய ஒரே சீராகச் சூடாகும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது, செமினாரில் அந்த வரைபடத்தைக் கட்டாயம் போடுங்கள்.

கயல்:
நன்றி அண்ணா. அப்படியானால் எந்த முடுக்கியை வைத்தும் செய்யலாமே?

இளவேனில்:
முடியாதும்மா, நேரம்தான் சிக்கல். சில மைக்ரான் தடிமனுள்ள தகடு சூடானதும் விநாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் விரியும், அதாவது ஒன்றிரண்டு நானோ விநாடியில் சிதறிவிடும், அதற்குள் சூடாக்கி முடித்தாக வேண்டும். அதனால் என்டிசிஎக்ஸ்-2இல் அயனிக் கூட்டமாக வரும் ஒரு துடிப்பின் தலையைவிட வாலுக்கு வேகம் அதிகம் கொடுத்தார்கள். ஊர்வலத்தில் முன்னால் போகிறவர்கள் மெதுவாகவும் பின்னால் வருகிறவர்கள் வேகமாகவும் நடந்தால் ஓரிடத்தில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள் இல்லையா, அதேபோலத்தான். ஆனால் அயனிகள் எல்லாமே நேர்மின்னூட்டம் கொண்டவை, நெருங்க நெருங்க ஒன்றையொன்று தள்ளும். அதைத் தணிக்கத்தான் கற்றையைக் கடைசியில் பிளாஸ்மா (அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வாயு) வழியாக விட்டார்கள், அங்குள்ள எலக்ட்ரான்கள் அந்த மின்னூட்டத்தை ஈடுகட்டிவிடும். சுமார் 1.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஹீலியம் அயனிகளை இப்படி 2 நானோ விநாடி, 1 மில்லிமீட்டர் என்ற அளவுக்குக் குறுக்கிக் காட்டினார்கள். அப்புறம், அதிலுள்ள இண்டக்‌ஷன் செல்கள், அதாவது கற்றையை முடுக்கும் பகுதிகள், லிவர்மோர் ஆய்வகத்தில் ஓய்வுபெற்ற ஏடிஏ முடுக்கியிலிருந்து எடுத்தவை.

பரணி:
இன்னொரு வழியும் உண்டு. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டிலுள்ள ஜிஎஸ்ஐ ஆய்வகத்தில் யுரேனியம் மாதிரி கனமான அயனிகளை மிக அதிக ஆற்றலில் விடுகிறார்கள். அவை ஆழமாகப் போகும் என்பதால் மில்லிமீட்டர் கணக்கில் தடித்த மாதிரியையே வைக்கலாம், அது விரிய நேரம் பிடிக்கும், துடிப்பு 100 நானோ விநாடி நீண்டாலும் பாதகமில்லை. அங்கேயே கட்டப்படும் ஃபேர் முடுக்கி வளாகத்திலும் இதே வேலைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.